நாலாவது குறி

அந்தக் கொப்பியை எரித்துவிட்டேன். எங்கள் துறையில் புதிதாகத் தொடங்கியிருக்கும் ஆவணக் காப்பகத்துக்காக அதைக் கேட்டு எனக்கு மின்னஞ்சல் அனுப்புகிறவர்கள் இனிச் சிரமப்பட வேண்டாம். முப்பத்தொரு வருடம் மானிடவியல் படிப்பித்தவள், தீவுப்பகுதி இளைஞர்களைப் பற்றித் தன் கையால் எழுதிய களக் கொப்பியை ஒரு பின்னேரம் குசினி அடுப்பில் வைத்தாள் என்பது துறைக்கு அவமானம்தான். அவமானத்தை ஏற்றுக்கொள்கிறேன். காரணத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

அதற்கு முன் ஒரு விசயம். இதில் வருகிறவர்களின் பெயர்கள் எல்லாம் நான் வைத்தவை. உறவுமுறைகளையும் மாற்றியிருக்கிறேன். நெடுந்தீவை மட்டும் மாற்ற வழியில்லை, ஏன் என்று போகப்போகத் தெரியும். இது யார், அது எந்த வீடு என்று தேடிப்பிடிக்கும் எண்ணத்தோடு வாசிக்கிறவர் யாராவது இருந்தால், சேவைக்காலம் முழுவதும் உங்களை நினைத்துப் பயந்தபடிதான் எழுதினேன் என்று சொல்லிவைக்கிறேன்.

நான் பயந்தவள். இளையோர், போர், புலம்பெயர்வு என்று என் பாடத்தின் பெயரைக் கேட்டவுடன் பெரிய துணிச்சல்காரி என்று சனம் நினைத்துக்கொள்கிறது. அப்படி ஒன்றும் இல்லை. பையைத் திறக்கச் சொன்னால் இன்றைக்கும் எனக்கு உள்ளங்கை வியர்க்கும். வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றால் முதலில் யன்னலால் பார்த்துவிட்டுத்தான் கதவுக்குப் போவேன். பிள்ளைகள் எனக்குப் பின்னால் "பயந்தாங்கொள்ளி மிஸ்" என்று சொல்வது தெரியும். அந்தப் பட்டம் எனக்குப் பொருத்தமானதுதான்.

கரம்பொன்னில் பிறந்தேன், யாழ்ப்பாணம் ரவுணில் படித்தேன், வெளிநாட்டில் ஐந்து வருடம் குளிரில் விறைத்து ஒரு பட்டம் வாங்கிக்கொண்டு திரும்பிவந்தேன். அங்கே படித்ததில் பாதி இங்கே உதவவில்லை. உதவியதை எல்லாம் பேராசிரியர் அருளப்புவிடம்தான் கற்றேன்.

அவர் மெலிந்த மனிதர். வெயில் கொளுத்தினாலும் முழுக்கைச் சட்டைதான் போடுவார், மணிக்கட்டுப் பொத்தானும் பூட்டியிருக்கும். குரலை உயர்த்த மாட்டார். கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், அதைக் கண்டால் நாங்கள் கதிரையை விட்டு எழும்பிவிடுவோம். களத்துக்குப் போய்வந்த எவரும் அவர் முன்னால் இருந்து தன் குறிப்புகளை உரக்க வாசிக்க வேண்டும். வாசிக்கத் தொடங்கும்போது அவர் கோப்பு ஒன்றை எடுத்து, கண் மட்டும் தெரிய முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொள்வார்.

"சரி. இப்ப நான் தலையாட்டி. வாசியும்," என்பார்.

தலையாட்டி யார் என்று எங்கள் பக்கத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சுற்றிவளைப்பில் ஆமி பிடித்த சனத்தை வரிசையாக விடுவார்கள். சாக்கால் தலையை மூடிய ஒருவன் வாகனத்தில் இருப்பான். சாக்கில் கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. ஒவ்வொருவராக அவன் முன்னால் போய் நின்று முகத்தைக் காட்ட வேண்டும். அவன் ஒரு வார்த்தை பேசமாட்டான். தலை ஆடினால் இயக்கத்து ஆள் என்று ஒரு பக்கமாக எடுத்துவிடுவார்கள். அருளப்பு சேர் ஒரு காலத்தில் அப்படி ஒரு வரிசையில் நின்றவர். "எனக்கு முன்னாலை நிண்டவருக்கு ஆடினது. எனக்கு ஆடேல்லை. ஏனெண்டு இண்டைவரை தெரியாது," என்று ஒரேயொரு தடவை சொன்னார்.

நான் முதல்முறை வாசித்தது எழுவைதீவில் எழுதிய குறிப்புகளை. ஒரு வீட்டின் மூத்த பெண் பிரான்சுக்குப் போன கதை. பெயரை மாற்றியிருந்தேன், வயதை மாற்றியிருந்தேன், தகப்பனின் தொழிலையும் மாற்றியிருந்தேன். நாலைந்து வரி வாசித்திருப்பேன், கோப்புக்கு மேலே அவர் தலை மெல்ல ஆடியது.

"எப்பிடிச் சேர்?" என்று கேட்டேன்.

"நாயின்ரை பேரை எழுதியிருக்கிறீர். எழுவைதீவிலை நெப்போலியன் எண்டு எத்தினை நாய் நிக்கும்?"

மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றினார். சிரிப்பு நின்றது.

"பிள்ளை, ஆளை ஒளிச்சுப்போட்டு நாயை வெளியிலை விட்டால் என்ன பிரியோசனம்? நாய் கூட்டிக்கொண்டு போய் வாசல்லை விடும்," என்றார்.

அதன்பிறகு நான் நாயின் பெயர் எழுதவில்லை. பெயரின் முதலெழுத்து எழுதவில்லை, வீடுகளுக்கு ஒழுங்கைப்படி இலக்கம் போடவில்லை, ஊரில் ஒருவர் மட்டும் செய்யும் தொழிலை எழுதவில்லை. சொல்பவருக்கு முன்னால் கொப்பியை விரிக்கவில்லை, கேட்டுவிட்டு வெளியே வந்து எங்காவது மரத்தடியில் இருந்துதான் எழுதுவேன். லோஞ்சுப் படகில் உப்புத்தண்ணீர் அடிக்கும் என்பதால் கொப்பியைப் பொலித்தீனில் சுற்றிச் சேலைகளுக்கு நடுவில் வைப்பேன். தலையாட்டிப் பரீட்சையில் பிறகு நான் ஒருமுறைகூடத் தோற்கவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

என் பெயரைக் கொஞ்சமாவது தெரியவைத்தது மூன்று சொல் பற்றிய ஒரு கட்டுரை: "அவன் கடையிலை நிக்கிறான்." தீவுப்பகுதிப் பெடியன்கள் தெற்கே கடைகளில் வேலைக்கு நிற்பது தலைமுறைகளாக நடப்பது. அதனால் ஒரு வீட்டில் பெடியனைக் காணவில்லை என்றால் கடையில் நிற்கிறான் என்று சொல்லலாம், யாரும் மேலே கேட்கமாட்டார்கள். போர்க்காலத்தில் இந்த வசனம் எல்லாவற்றுக்கும் உதவியது. இயக்கத்துக்குப் போனவனும் கடையில் நின்றான், பிடிபட்டவனும் கடையில் நின்றான், எங்கே என்று வீட்டாருக்கே தெரியாதவனும் கடையில் நின்றான். வெளிநாட்டுக்குக் களவாக வெளிக்கிட்டவன் போய்ச் சேரும்வரை கடையில்தான் நின்றான். தாய்மார் இதைச் சொல்லும்போது முகத்தைப் பார்க்காமல் கையில் இருக்கும் வேலையைப் பார்ப்பார்கள் என்று எழுதினேன். கூட்டங்களில் வாசித்தபோது நன்றாகக் கை தட்டினார்கள்.

போர் முடிந்து சில வருடங்களில், வெளிக்கிட நினைக்கும் இளைஞர்களைப் பற்றி அறிய நெடுந்தீவுக்குப் போய்வரத் தொடங்கினேன். தெரிந்த ஒரு ஆசிரியை வீட்டில் தங்கி, பதினொரு வீடுகளில் பேசினேன். அங்கேதான் ராசனைச் சந்தித்தேன். இருபத்துநாலு வயது. தகப்பன் இல்லை. தாய், ஒரு தங்கை, பத்துப் பன்னிரண்டு மாடு. ஊருக்குத் தெரிந்தவரை அவர் கொழும்பில் கடையில் நின்றுவிட்டு வந்தவர்.

நாலாம் நாள் அவர் கிணற்றில் தண்ணீர் அள்ளி மாட்டுத் தொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் கல்லில் இருந்தேன். வெளிநாட்டைப் பற்றிக் கேட்டேன். இன்னும் நாலைந்து வாளி ஊற்றினார்.

"ரீச்சர், உங்களுக்குச் சொன்னால் வேறை ஆருக்கும் போகாதுதானே?"

"போகாது."

"பேர் எழுதுவியளோ?"

"பேர் எழுதவே மாட்டன்."

"நான் கொழும்பிலை நிக்கேல்லை. வன்னியிலை மாமான்ரை கடையிலை நிண்டனான். சண்டையின்ரை கடைசி நேரம் இயக்கம் என்னைப் பிடிச்சுக்கொண்டு போட்டுது. அஞ்சு மாசம். பிறகு சனத்தோடை சனமா வெளியிலை வந்திட்டன். இயக்கத்திலை ஒருநாள் இருந்தாலும் பதியச் சொல்லி ஆமிக்காரர் ஒலிபெருக்கியிலை சொன்னவை. நான் பதியேல்லை. பதிஞ்சவன் எல்லாம் திரும்பி வருவானோ எண்டு எனக்கு அப்ப தெரியாது, ரீச்சர். இப்ப போய்ப் பதிய ஏலாது. இவ்வளவு நாளும் எங்கை நிண்டனீ எண்டு கேப்பினம்."

அம்மாவுக்கும் தங்கைக்கும் மட்டும் தெரியும் என்றார். அதற்குப் பிறகு அந்த ஐந்து மாதத்தை முழுதாகச் சொன்னார். அதை நான் எழுதப்போவதில்லை. சொல்லி முடித்துவிட்டு மிச்சத் தண்ணீரில் முகத்தைக் கழுவிக்கொண்டு, "இப்ப கொஞ்சம் பரவாயில்லை," என்றார். எனக்கு அதன்பிறகுதான் தொடங்கியது. அவ்வளவு பெரிய பொருளை ஒருவர் என் மடியில் வைத்துவிட்டுப் போனால் நான் அதை எங்கே வைப்பேன் என்ற பயம்.

வைத்த இடம்தான் பிழைத்தது.

பதினொரு வீட்டுக்கும் கொப்பியில் ஏதோ ஒரு அடையாளம் வேண்டும். பெயர் கூடாது, எழுத்துக் கூடாது, இலக்கம் கூடாது. நெடுந்தீவில் மாடுகள் பகல் முழுக்க வெளியில் அவிழ்த்துவிட்டபடி மேயும், தொடையில் சுட்ட குறிதான் எந்த வீட்டு மாடு என்று சொல்லும். வளையம், கொக்கி, சுழி என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி. அண்ணன் தம்பி பிரிந்தால் தம்பியின் குறியில் ஒரு கோடு கூடும். பார்க்க வடிவாக இருந்தது. நான் ஒரு பக்கத்தில் பதினொரு வீட்டுக் குறியையும் வரைந்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு வரி எழுதினேன். நாலாவது குறிக்குப் பக்கத்தில் எழுதிய வரி இது: ஐந்து மாதம், பதியவில்லை, கடை பொய்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று பிள்ளைகள் கேட்கலாம். என் பயம் எப்போதும் சீருடையைப் பற்றியது. தெற்கிலிருந்து வந்து ஆறு மாதம் நின்றுவிட்டு மாறிப்போகும் ஆளுக்கு மாட்டுக்குறி என்ன தெரியும் என்று நினைத்தேன். ஊர்க்காரருக்குத் தெரியும்தான், ஆனால் அவர்கள் எப்படியும் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள்தானே என்றும் நினைத்தேன். அந்தப் பக்கத்தை அருளப்பு சேரிடமும் காட்டினேன். அப்போது அவர் ஓய்வுபெற்று ரவுணில் மகளோடு இருந்தார். கோப்பு ஒன்றை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு அந்தப் பக்கத்தை நெடுநேரம் பார்த்தார். "எனக்குத் தலை ஆடேல்லைப் பிள்ளை," என்றார். கொப்பியைச் சேலைக்குள் வைத்துக்கொண்டு இன்னொருமுறை நெடுந்தீவுக்குப் போனேன்.

திரும்பி வரும்போது குறிகட்டுவான் இறங்குதுறையில் சோதனை. வழக்கமாகப் பெயரைப் பதிந்துவிட்டு விடுவார்கள். அன்றைக்குச் சாதாரண உடுப்பில் ஒருவர் மேசை போட்டுக்கொண்டு இருந்தார். யார் என்று சொல்லவில்லை, எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை. என் சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். பொலித்தீனை அவிழ்த்தார். கொப்பியை நடுவில் திறந்தார். அந்தப் பக்கம்தான் திறந்தது.

"இது என்ன?" உடைந்த தமிழில் கேட்டார்.

"கோலம்," என்றேன். வாய்க்கு அதுதான் வந்தது.

"என்ன கோலம்?"

"வாசல்லை போடுற கோலம், ஐயா. ஆராய்ச்சிக்கு."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கொப்பியைத் திருப்பி, எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற நெடுந்தீவுக்காரர் ஒருவரிடம் காட்டினார். ஐம்பது வயது இருக்கும், இரண்டு கையிலும் தயிர்முட்டி தூக்கியிருந்தார்.

"இது கோலமா?"

அந்த மனிதர் குனிந்து பார்த்தார். பக்கத்தின் மேலிருந்து கீழ்வரைக்கும் அவர் கண் போனது. பிறகு என் முகத்தைப் பார்த்தார். அந்த நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. வெயிலில் நின்று எனக்குக் குளிர்ந்தது அன்றைக்குத்தான்.

"ஓம் ஐயா. கோலம்தான்," என்றார்.

மேசைக்காரர் கொப்பியை மூடித் தன் மேசை லாச்சிக்குள் வைத்தார். "எட்டு நாளுக்குப் பிறகு வா," என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

பஸ்ஸுக்குப் போகும் வழியில் அந்தத் தயிர்க்காரர் எனக்குப் பக்கத்தில் நடந்து வந்தார். முட்டிகளைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"ரீச்சர், உதிலை பதினொரு வீடு இருக்கு."

நான் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

"முதலாவது வீட்டிலை இருந்து கடைசி வீடு வரைக்கும் பேர் சொல்லவோ? எங்கடை ஊரிலை குறி தெரியாத ஆள் இல்லை. அஞ்சு வயசுப் பிள்ளையும் சொல்லும்."

"அண்ணை, தயவுசெய்து..."

"எனக்கு எழுத்தும் வாசிக்கத் தெரியும் ரீச்சர். நாலாவதுக்குப் பக்கத்திலை எழுதிக்கிடந்ததையும் வாசிச்சனான்." முட்டிகளைத் தூக்கினார். "நான் சொல்லமாட்டன். ஆனால் அவன் உதை இன்னொருத்தருக்குக் காட்டினால் என்ன செய்வியள்?"

ராசன் வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்லப் பயம். அடுத்த நாள் காலை முதல் லோஞ்சில் திரும்ப நெடுந்தீவுக்குப் போனேன். அதே இறங்குதுறை, அதே மேசை. இன்றைக்கும் போகிறாளே என்று அந்த ஆள் நினைப்பான், என் பின்னால் ஆள் அனுப்புவான் என்று நினைத்துக்கொண்டு லோஞ்சில் என்னோடு வந்த எல்லார் முகத்தையும் பார்த்தேன். யாரைப் பார்த்தாலும் சந்தேகமாக இருந்தது. நேரே போகாமல் கோயிலுக்குப் போவதுபோல் போய், வேறு ஒழுங்கை வழியால் சுற்றி ராசன் வீட்டுப் படலையைத் திறந்தேன்.

ராசனின் தாய் முற்றத்தில் பனங்கிழங்கு காயப்போட்டுக்கொண்டிருந்தா. நான் சொல்லச்சொல்ல அவவின் கை மெதுவாகி நின்றது. ராசன் மாட்டுக்கொட்டில் பக்கத்திலிருந்து வந்து தூணைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"பேர் எழுதமாட்டன் எண்டு சொன்னீங்களே, ரீச்சர்," என்றா தாய்.

"எழுதேல்லை அம்மா. சத்தியமா எழுதேல்லை."

"மாட்டை எழுதியிருக்கிறியள்."

அவ கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கிழங்குகளைப் பொறுக்கிக் கடகத்தில் போட்டா. பிறகு, "சாப்பிட்டனீங்களோ?" என்று கேட்டா. நான் அழுதேன். அழக்கூடாத ஆள் நான்தான், ஆனாலும் அழுதேன்.

ராசன் தூணை விட்டு வந்து, "ரீச்சர், நானாத்தானே சொன்னனான். விடுங்கோ," என்றார். அவர் கண் படலையிலேயே இருந்தது. அதற்குப் பிறகு நான் அவரைக் காணவில்லை.

அந்தக் கிழமைக்குள் அவர் வெளிக்கிட்டுவிட்டார். எந்த வழியால், யாரைப் பிடித்து என்று நான் கேட்கவில்லை. புலம்பெயர்வைப் பற்றிப் பத்திருபது பேரிடம் பக்கம் பக்கமாகக் கேள்வி கேட்டவள், என்னால் நடந்த ஒரு புலம்பெயர்வைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்டால் அதுவும் எனக்குத் தெரிந்துவிடும், தெரிந்தால் என்னிடமிருந்து யாராவது எடுத்துவிடுவார்கள் என்று பயந்தேன்.

ஒன்பதாம் நாள் இறங்குதுறைக்குப் போனேன். அந்த ஆள் லாச்சியைத் திறந்து கொப்பியைத் தந்தார். அட்டையில் தேத்தண்ணிக் கோப்பை வைத்த வட்டம். "கோலம் நல்லா இருக்கு," என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் எத்தனையோ தரம் எடுத்துப் பார்த்துவிட்டேன். கொப்பி எட்டு நாளும் கோப்பைக்குக் கீழே சும்மா கிடந்ததா, யாருக்காவது காட்டினாரா? சும்மா கிடந்திருந்தால் ராசன் ஒன்றுமில்லாததற்கு ஓடியிருக்கிறார். காட்டியிருந்தால் ஓடியது நல்லது. இரண்டில் எது நடந்திருக்க வேண்டும் என்று விரும்புவது என்றே எனக்குத் தெரியவில்லை.

அருளப்பு சேரிடம் போய்ச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றினார், ஆனால் துடைக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தார்.

"பிழை என்ரைதான் பிள்ளை. இவ்வளவு காலமும் தலையாட்டியா நடிச்சனான். தலையாட்டி ஆரெண்டு மறந்துபோனன். அவன் வெளியாள் இல்லை. வெளியாளுக்கு ஆரைத் தெரியும் தலை ஆட்ட? அவன் ஊராள்."

ஒரு வருடம் கழித்து ஏதோ தைரியத்தில் நெடுந்தீவுக்குப் போனேன். ராசன் வீட்டு மாடுகள் வெளியில் மேய்ந்துகொண்டிருந்தன. தொடையில் பழைய குறிக்கு மேலே குறுக்கும் மறுக்குமாகச் சுட்டிருந்தார்கள். பக்கத்தில் வேறொரு குறி புதிதாக இருந்தது. ஒரு கிழட்டுப் பசுவின் புண் சரியாக ஆறாமல் ஈ மொய்த்தது. நான் வரைந்த ஒரு படத்தை அழிக்க அந்த வாயில்லாச் சீவன்கள் எல்லாம் இரண்டாம் தரம் சூடு வாங்கியிருந்தன.

படலையில் நின்று, "தம்பி எப்பிடி அம்மா?" என்று கேட்டேன்.

தாய் என்னைப் பார்க்கவில்லை. கையில் இருந்த ஓலையைப் பார்த்தபடி, "அவன் கடையிலை நிக்கிறான்," என்றா.

நான் எழுதிய கட்டுரையை என்னிடமே வாசித்துக் காட்டியது போல் இருந்தது. அதற்குமேல் எதுவும் கேட்காமல் திரும்பி நடந்தேன். வருடங்கள் போயின. கடலில் வள்ளம் கவிழ்ந்தது என்று செய்தி வந்தால், இறந்தவர் பட்டியலில் இருக்கும் வயதுகளை மட்டும் பார்ப்பேன். அவர் உண்மையான பெயரில் போனாரா என்றும் எனக்குத் தெரியாதே. பாடம் நடத்தினேன், பரீட்சைத்தாள் திருத்தினேன், நெடுந்தீவுக் குறிப்புகளில் இருந்து ஒரு வரிகூட அச்சில் வரவிடவில்லை. கொப்பியை எரிக்கவும் மனம் வரவில்லை. அந்த ஐந்து மாதம் எழுத்தில் இருந்தது அதில் மட்டும்தான். ஓய்வுபெற்றுக் கரம்பொன்னுக்கு வந்தபோது அதை அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்தேன்.

இந்த நிலையில்தான் மதுரா வந்தாள். என்னிடம் படித்தவள், இப்போது எங்கள் துறையில் இளம் விரிவுரையாளர், ஆவணக் காப்பகத்துக்குப் பொறுப்பு. ரவுணில் வளர்ந்த பிள்ளை. எந்த ஊர் என்று நான் கேட்டதில்லை. எங்கள் பக்கத்தில் ஊரைக் கேட்பது சாதியைக் கேட்பதற்குச் சமம், அதனால் படிப்பிக்கும் பிள்ளைகளிடம் ஒருநாளும் ஊர் கேட்பதில்லை என்பது என் கொள்கை. அதில் எனக்குப் பெருமையும் உண்டு.

ஸ்கூட்டியை மாமரத்தின் கீழே விட்டுவிட்டு வந்து, தேத்தண்ணி குடித்தபடி, மின்னஞ்சலில் கேட்டுவந்த பழைய கதையையே தொடங்கினாள்.

"மிஸ், பேர் ஒண்டும் இல்லையெண்டு நீங்களே சொல்லுறியள். பிறகு ஏன் பயப்பிடுறியள்? உங்களுக்குப் பிறகு உது கறையானுக்குத்தான் போகும். ஸ்கான் பண்ணிப்போட்டுத் திருப்பித் தாறன்."

"வேண்டாம் பிள்ளை. உதிலை பழைய குறியள் கிடக்கு, பாத்து ஆளைக் கண்டுபிடிக்கலாம்."

"ஏலாது மிஸ். இப்பத்தைப் பிள்ளையளுக்கு உதெல்லாம் விளங்காது."

அது சரியாக இருக்க வேண்டும் என்று நான் எவ்வளவு ஆசைப்பட்டேன் என்று சொல்ல முடியாது. எனக்கு அறுபத்தாறு வயது. பயந்து பயந்து களைத்துவிட்டேன். இவள் பார்த்துவிட்டு ஒன்றும் விளங்கவில்லை என்று சொன்னால், இனி நிம்மதியாக நித்திரை கொள்ளலாம் என்று நினைத்தேன். அலுமாரியைத் திறந்து கொப்பியை எடுத்து, அந்தப் பக்கத்தை விரித்துக் கொடுத்தேன்.

"சரி. இப்ப நீர் தலையாட்டி. பாரும்," என்றேன்.

அருளப்பு சேரின் கதை துறையில் எல்லோருக்கும் தெரியும். அவள் சிரித்துக்கொண்டு, கண் மட்டும் தெரியக் கொப்பியை முகத்துக்கு நேரே பிடித்தாள். முதலாவது குறி, இரண்டாவது, மூன்றாவது. கண்ணில் சிரிப்பு இருந்தது. நாலாவதில் சிரிப்பு நின்றது.

"மிஸ், உது எங்கடை வீட்டுச் சருவக்குடத்திலை இருக்கு."

"என்ன?"

"அம்மா கலியாணம் முடிச்சு வரேக்கை கொண்டுவந்த சருவக்குடம். கழுத்தடியிலை உந்தக் குறி வெட்டியிருக்கு. அம்மா நெடுந்தீவு. உது பெரியம்மா வீட்டு மாட்டுக்குறி. பிறகு ஏனோ மாத்திப்போட்டினம், பெரியம்மாவைக் கேட்டால் சொல்லமாட்டா..."

கையை நீட்டிக் கொப்பியைப் பறிக்க நினைத்தேன். கை எழும்பவில்லை. அவள் கண் குறியிலிருந்து பக்கத்தில் இருந்த வரிக்கு நகர்ந்தது. சின்ன வரிதான். வாசிக்க எவ்வளவு நேரம் எடுக்கும்? அவள் இரண்டாம்முறையும் வாசித்தாள்.

"பெரியம்மா வீட்டு அண்ணை கொழும்பிலை கடையிலை நிண்டவர் எண்டெல்லோ சொன்னவை," என்றாள் மெதுவாக.

இவ்வளவு வருடமும் யாரிடமும் கேட்காததை அப்போது கேட்டேன். "பிள்ளை, அவர் உயிரோடை இருக்கிறாரோ?"

"ஓம் மிஸ். கலியாணம் முடிச்சு ரெண்டு பிள்ளையள். இப்பத்தான் முதல்தரம் ஊருக்கு வாறார், பெரியம்மாவைப் பாக்க. நான்தான் எயாப்போட்டுக்குக் கூட்டப்போறன்."

எந்த மாதம் என்றும் சொன்னாள். அதை நான் எழுதவில்லை. கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். உயிரோடு இருக்கிறார், போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தச் சந்தோசம் முழுதாக நெஞ்சுக்குள் இறங்குவதற்கு முன்பே, அவர் வரப்போகிறார் என்பதும் வரிசை, மேசை, கேள்வி எல்லாம் மறுபடி இருக்கிறது என்பதும் உறைத்தது.

மதுரா எழும்பிக் கொப்பியை என் மடியில் வைத்தாள். "மிஸ், நான் ஒண்டும் பாக்கேல்லை. காப்பகத்துக்கு உது வேண்டாம்," என்றாள். இரண்டுபேருமாகக் குசினிக்குப் போனோம். ஈரப்பதனில் தாள் சரியாகப் பிடிக்கவில்லை, ஒவ்வொன்றாகக் கிழித்து வைக்க வேண்டியிருந்தது. நாலாவது குறி இருந்த பக்கத்தை அவள்தான் வைத்தாள்.

அவள் நல்ல பிள்ளை. சொல்லமாட்டாள் என்று நம்புகிறேன். எயாப்போட்டில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, வரிசையில் வரும் முகங்களைப் பார்த்து, அண்ணையைக் கண்டதும் கை அசைப்பாள். வேறொன்றும் நடக்காது என்று தினமும் எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

ஆனால் அன்று அந்த வரியை இரண்டாம்முறை வாசித்து முடித்தபோது, கொப்பிக்கு மேலே தெரிந்த அவளுடைய தலை மெல்ல ஒருமுறை ஆடியது. அது ஆடியது அவளுக்கே தெரியாது. நான் பார்த்தேன்.